புள்ளியை விழுங்கிய ஆன்டி-கிளேர்

எல்லாரும் கைதட்டினார்கள். கட்டிலில் படுத்திருந்தவர் மட்டும் தட்டவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸின் உள் அறை அது. ஜன்னலில் போர்வை கட்டி மத்தியான வெளிச்சத்தை மறைத்திருந்தோம். நான் செய்து எடுத்துக்கொண்டு போன புரொஜெக்டர் கட்டிலை ஒட்டி, வாய் மேலே பார்க்க நின்றுகொண்டிருந்தது. சீலிங் ஃபேன் குறுக்கே வரக்கூடாது என்று கட்டிலை ஏற்கெனவே சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஸ்விட்சைப் போட்டேன். கூரையில் படம் விழுந்தது. வாசற்படியில் கூடி நின்ற அக்கம்பக்கத்து ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

வீட்டுக்காரர் குணசேகரன் சாருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. கட்டிலில் இருந்த மனைவியிடம் குனிந்து கேட்டார்.

"வசந்தி, எப்படிக்கீது? தெரியுதா?"

வசந்தி டீச்சர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் நேரா இருக்குதுங்க. எனக்கு மட்டும் தலைகீழா இருக்குது."

கைதட்டல் நின்றுபோனது. நான் கடையில் நின்றுகொண்டு சோதித்த மெஷின் அது. படுத்திருப்பவரின் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. பெட்டியை அப்படியே அரைச்சுற்று திருப்பி வைத்தேன். இப்போது வாசலில் நின்றவர்களுக்குத் தலைகீழ், அவருக்கு நேர். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது.

மானிட்டர், டிவி சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் "ஆன்டி-கிளேர்னா என்ன மேடம், நல்லதா கெட்டதா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதி வைக்கிறேன்.

கேட்டது என்ன, கொடுத்தது என்ன

நான் ஜமால் பாயின் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது டப்பா மானிட்டர்கள்தான் வரும். பிறகு எல்சிடி வந்தது. டிப்ளமோ படித்த பெண் என்று என்னைச் சேர்த்துக்கொண்ட பாய், பேனல் என்கிற அந்தத் தட்டை ஸ்கிரீன் வேலை முழுவதையும் என் மேஜைக்கே தள்ளிவிட்டார். யூடியூப்பைப் பார்த்து வீட்டிலேயே புரொஜெக்டர் செய்யும் பழக்கம் பரவிய சமயத்தில் நானும் இரண்டு மூன்று செய்தேன். ரொம்பப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய பேனலின் பின்னால் இருக்கும் பேக்லைட்டைக் கழற்றிவிட்டால் அது ஒரு கண்ணாடிப் படம் மாதிரி ஆகிவிடும். கீழே பெரிய எல்இடி, அதன் சூட்டை இழுக்க ஒரு ஹீட் சிங்க், ஒரு ஃபேன். பேனலுக்கு முன்னும் பின்னும் ஒளியைக் குவிக்கும் பிளாஸ்டிக் லென்ஸ். கடைசியாகப் படத்தைப் பெரிதாக்கும் ஒரு லென்ஸ். பிளைவுட் பெட்டியில் வரிசையாக அடுக்கினால் முடிந்தது. டவுன்ஷிப் பிளாக்குகளில் கூடி கிரிக்கெட் பார்ப்பவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பந்து தெரிந்தால் போதும். யாரும் குறை சொல்லவில்லை.

குணசேகரன் சார் மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். ஷிப்ட் முடிந்து, சட்டையில் கரித்தூள் போகாமலேயே ஒருநாள் கடைக்கு வந்தார்.

"மேடம், எங்க வூட்ல டீச்சரா கீறாங்க. மழையில ஸ்கூட்டர் வழுக்கி வுழுந்து முதுகெலும்புல அடி. அசையாம படுக்கணும், தலையக் கூட தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். நாள் பூரா மேல ஃபேனையே பாத்துகினு கெடக்கறா. பேச்சே இல்ல. செல்ல மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சிகினு பாத்தா கை வலிக்குது, நழுவி மூக்கு மேல வுழுவுது. மேல மோட்டுவளையில படம் தெரியற மாதிரி எதுனா பண்ண முடியுங்களா?"

கடையில் விற்கும் சின்ன புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தாராம். செங்குத்தாக நிறுத்தினால் சூடேறி நின்றுவிடுகிறதாம். நான் செய்து தருகிறேன் என்றேன். ஆபீஸ் லேப்டாப் ஒன்றிலிருந்து கழற்றிய பேனல் கையில் இருந்தது. கிரிக்கெட் மெஷின் மாதிரியே, ஆனால் நெட்டுக்குத்தலாக நிற்கும்படி ஒன்று செய்தேன்.

அவர் படம் என்றார், நானும் சினிமா என்றே நினைத்துக்கொண்டேன். டீச்சருக்கு வேண்டியது சினிமா இல்லை.

படுத்துப் பாருங்க

பெட்டியைத் திருப்பி வைத்த பிறகு அக்கம்பக்கத்தார் கலைந்து போனார்கள். வசந்தி டீச்சர் தன் செல்லில் இருந்த ஒரு போட்டோவைக் கூரையில் போடச் சொன்னார். அவர் பள்ளியில் கூட வேலை பார்க்கும் தோழி அனுப்பியது. நோட்டுத் தாளில் ஒரு மாணவி எழுதிய கட்டுரை.

அவர் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவர். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்குப் பதிலாக யாரும் போடப்படவில்லை. பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைத் தோழி படம் எடுத்து அனுப்பினால், படுத்தபடியே படித்து, திருத்தங்களை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடலாம் என்று அவர் மனதுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நடக்காவிட்டால் அவரும் சேர்ந்து வருத்தப்படுவார் என்று நினைத்திருக்கிறார்.

கூரையில் எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது. எனக்குத் திருப்தி. டீச்சர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இது வேணாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஏன் டீச்சர்? ஃபோகஸ் சரியாத்தானே இருக்கு?"

"ஃபோகஸ் இருக்கு. புள்ளி இல்ல. இந்தப் பொண்ணு 'கண்'னு எழுதியிருக்கா 'கண'ன்னு எழுதியிருக்கான்னு தெரியல. புள்ளி வைக்காதது பிள்ளையா, உங்க மெஷினா? தெரியாம நான் எப்படித் திருத்தறது?"

நான் அண்ணாந்து பார்த்தேன். "எனக்குத் தெரியுதே டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க நின்னுகிட்டுப் பாக்கறீங்க ரேவதி. வந்து படுத்துப் பாருங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. பிள்ளையிடம் 'மறுபடி ஒருமுறை படி' என்று சொல்வது போலச் சொன்னார். குணசேகரன் சார் தரையில் பாய் விரித்தார். கூச்சமாகத்தான் இருந்தது. கட்டிலுக்கு அருகிலேயே மல்லாந்து படுத்தேன்.

நின்று ஒரு பார்வை பார்ப்பது வேறு, அசையாமல் கிடந்து பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. கொஞ்ச நேரத்தில் எனக்கும் தெரிந்தது. வெள்ளைப் பரப்பு முழுவதும் ரவை தூவினாற்போல மினுமினுத்தது. எழுத்தின் ஓரங்கள் அந்த ரவைக்குள் கரைந்தன. கோடுகள் தப்பித்துக்கொண்டன. மெய்யெழுத்தின் தலையில் பேனா முனை தொட்ட சின்னப் புள்ளி அந்த மினுமினுப்பில் காணாமல் போயிருந்தது. இல்லாத இடத்தில் புள்ளி இருப்பது போலவும் தோன்றியது.

ஆன்டி-கிளேர். பேனலின் முகப்பில் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி நுணுக்கமான சொரசொரப்பு ஒன்றைப் பூசியிருப்பார்கள். ஆபீஸில் டியூப்லைட்டும் நம் முகமும் ஸ்கிரீனில் தெரியாமல் இருப்பதற்காக. எதிரே உட்கார்ந்து பார்த்தால் நன்மைதான். ஆனால் புரொஜெக்டருக்குள் ஒளி அதற்குள் புகுந்து வருகிறது, லென்ஸ் அந்தச் சொரசொரப்பையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கூரையில் எறிகிறது. கிரிக்கெட் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ரவைக்கு நடுவில்தான் பந்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"இத எடுத்துடலாம் டீச்சர். பூச்சை உரிச்சிட்டா சரியாயிடும்."

"நிச்சயமா?"

நான் தலையாட்டினேன். அவர் உடனே செல்லை வாயருகே வைத்துத் தோழிக்குச் சொன்னார்: "திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குக் கட்டுரையெல்லாம் திருத்தி அனுப்பறேன்னு சொல்லிடு." அடிபட்ட நாளிலிருந்து அவர் அத்தனை நீளமாகப் பேசி இன்றுதான் கேட்கிறேன் என்று வெளியே வந்து குணசேகரன் சார் சொன்னார்.

சட்டை கழன்றது

உரிக்கிற முறை இதுதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் டிஷ்யூ பேப்பரை நனைத்து, பேனலின் மேல் சுருக்கம் இல்லாமல் பரப்பி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிட வேண்டும். ஓரங்களில் தண்ணீர் இறங்கி கனெக்டர் நனையக் கூடாது. பசை ஊறிய பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேலே தூக்காமல், தாழ்வாகப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். பல பேனல்களில் ஆன்டி-கிளேர் தனி ஃபிலிமாக வந்துவிடும்.

இந்தப் பேனலில் வரவில்லை. மூலை கிளம்பியது, நன்றாகத்தான் வந்தது. பாதி தூரம் போனதும் கையில் இருந்த ஃபிலிம் கனமாக, புகை நிறத்தில் இருப்பதைக் கவனித்தேன். பேனலுக்கு கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். உரித்த பாதி வெறும் வெள்ளை. எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

பூச்சோடு போலரைசரும் சேர்ந்து வந்திருந்தது. எல்சிடியில் படம் தெரிவதற்குக் காரணமே முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இரண்டு போலரைசர் தாள்கள்தான். ஒன்று போனால் பேனலுக்குள் படம் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த மாடலில் ஆன்டி-கிளேர் தனித் தாளாக இல்லை, போலரைசரின் மேல்தோலாகவே செய்திருக்கிறார்கள். திரும்ப ஒட்டலாம் என்றால் பாதியில் நிறுத்தியதில் தாள் மடிந்து கிழிந்துவிட்டது.

அதே அளவில் வேறு பேனல் கடையில் இல்லை. சென்னைக்குச் சொல்லி வரவழைக்க வேண்டும். வந்தாலும் அதிலும் இதே பூச்சு. திங்கட்கிழமை என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லியாகிவிட்டது. மேஜையிலேயே கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜமால் பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு வெள்ளையாகக் கிடந்த பாதியை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, பேனல் செத்துப்போச்சுன்னு இப்படி உக்காந்திருக்கியா?"

"ஆமா பாய்."

"சாவல. சட்டைதான் கழண்டிருக்கு. வேற சட்டை போட்டு விடு."

"அந்த ஷீட்டுக்கு எங்க பாய் போறது?"

அவர் கடையின் பின்கட்டைக் காட்டினார். உடைந்த லேப்டாப் பேனல்கள் அங்கே சாக்குச் சாக்காகக் கிடக்கும். எடைக்குப் போடச் சொல்லிக் கடையில் எல்லாரும், நான் உட்பட, அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த குப்பை.

"உள்ள கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். மேல இருக்கிற ஷீட்டுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கும். மூஞ்சி தெரியுற பேனலாப் பாத்து எடு. மூஞ்சி தெரிஞ்சா அதுல பூச்சு கிடையாது."

எனக்குத் தோன்றாத வழி. பளபள என்று இருக்கும் கிளாஸி பேனல்களில் ஆன்டி-கிளேர் இருக்காது. அவற்றின் போலரைசர் சொரசொரப்பு இல்லாத தெளிவான தாள். வாடிக்கையாளர்கள் 'கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியுது' என்று திட்டிவிட்டுப் போன பேனல்கள் எல்லாம் அந்தச் சாக்கில் எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து முகம் பார்த்தேன். பாய் ஹேர் டிரையரைப் பிடித்துச் சூடு காட்ட, நான் இழுத்தேன். முதலில் எடுத்தவை கிழிந்தன. "அவசரப்படாத, அவசரப்படாத" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று முழுசாக வந்தது. அதைப் பேனலிலேயே ஒட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஒரு குமிழி விழுந்தாலும் கூரையில் அது தட்டு அளவுக்குத் தெரியும். போட்டோ ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டி, பேனலுக்கு முன்னால் தனியாகச் சொருகிவிடலாம் என்று முடிவு செய்தோம். பக்கத்தில் வேன்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் அன்பு தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பில் குமிழி இல்லாமல் ஒட்டிக் கொடுத்தார். கண்ணாடி தனியாக நின்றதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. நடுவில் காற்று புகுந்து பேனல் சூடாகாமல் இருந்தது.

பேனலில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த பாதி ஃபிலிமையும் நிம்மதியாக உரித்துப் போட்டேன்.

கரும்பலகை

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் குலுங்கி உடைந்துவிடக் கூடாது என்று கண்ணாடியைத் தனியாக மடியில் வைத்திருந்தேன். இம்முறை வாசலில் கூட்டம் இல்லை, குணசேகரன் சார் யாரையும் கூப்பிடவில்லை. பெட்டியைச் சரியான திசையில் வைத்தேன். கண்ணாடியைச் சொருகினேன். அதே கட்டுரையைப் போடச் சொன்னேன்.

கூரை முழுவதும் கறுப்பு. நடுவில் மஞ்சளாக எழுத்துகள்.

கண்ணாடியை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிச் சொருகியிருக்கிறேன். போலரைசரின் திசை மாறினால் படம் நெகட்டிவ் ஆகிவிடும். வெள்ளைத் தாள் கறுப்பு, நீல மை மஞ்சள். "ஒரு நிமிஷம் டீச்சர், திருப்பிப் போட்டுடறேன்" என்று பெட்டியில் கை வைத்தேன்.

"தொடாதீங்க."

கையை எடுத்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குணசேகரன் சார் என்னைப் பார்த்தார். நான் அவரைக் கேட்காமலே பாயை விரித்து டீச்சருக்கு அருகில் தரையில் படுத்தேன்.

ரவை இல்லை. எழுத்தின் ஓரம் பிளேடால் நறுக்கியது மாதிரி இருந்தது. பேனா அழுத்திய இடம், மை தீர்ந்து இழுத்த இடம், அடித்து எழுதிய இடம், எல்லாம் தெரிந்தது.

"போர்டுல சாக்பீஸ்ல எழுதின மாதிரி இருக்குங்க" என்றார் டீச்சர். "வெள்ளையா இருந்தா கண்ணு கூசும். இப்படியே இருக்கட்டும்."

பிறகு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அந்த மாணவி தன் அப்பாவின் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டு வரி போனதும் நிறுத்தினார்.

"'சுரங்கம்'னு எழுதியிருக்கா பாருங்க. ங்-க்குப் புள்ளி இருக்குது, ம்-க்குப் புள்ளி இல்ல." கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "இது மெஷின் இல்ல. பிள்ளைதான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதுகு அசையக் கூடாது என்பதால் சத்தம் இல்லாமல், கண்ணோரம் தண்ணீர் வரச் சிரித்தார். குணசேகரன் சார், "மேடத்துக்கு டீ போட்டாறேன்" என்று சமையலறைக்குப் போனார். டீ வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. ஏன் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை திருத்தங்கள் வகுப்புக்குப் போயின. பரீட்சை வரைக்கும் அந்தக் கூரைதான் அவருக்கு வகுப்பறை. முதுகுக்குப் பெல்ட் கட்டி எழுந்து உட்கார அனுமதி கிடைத்த பிறகும் கொஞ்ச நாள் படுத்தே திருத்தினாராம், எழுத்து அங்கேதான் பெரிசாகத் தெரிகிறது என்று. இப்போது பள்ளிக்குப் போகிறார். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறார், நடை மட்டும் கொஞ்சம் மெதுவு. அவ்வளவு தூரம் தேறி வந்ததற்கு டாக்டரும் குணசேகரன் சாரின் கவனிப்பும்தான் காரணம். என் பெட்டிக்கு அதில் ஒரு ஓரத்தில் இடம் கிடைத்தது என் பாக்கியம்.

யாருடைய நாற்காலி

'மெஷின் நல்லாருக்கு' என்று அன்று வசந்தி டீச்சர் மரியாதைக்குச் சொல்லியிருந்தால், நான் காலம் முழுக்க ரவை தூவிய படத்தையே விற்றுக்கொண்டிருப்பேன். குப்பை என்று நாங்கள் சொன்னதை ஜமால் பாய் கேட்டிருந்தால் எனக்குச் சட்டை கிடைத்திருக்காது. அன்பு அந்த வேலைக்கு வாங்கிக்கொண்டது ஒரு டீ. இந்த மூன்று பேரிடமும் நான் சரியாக நன்றி சொன்னதில்லை. பாய் இப்போது கடைக்கு வருவது குறைந்துவிட்டது, கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாக்குகள் பின்கட்டிலேயே இருக்கின்றன.

ஆன்டி-கிளேர் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூச்சைப் பார்த்துப் பதில் சொல்லாதே. பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று பார். அவர் இருக்கும் இடத்துக்கு நீ போய் இருந்து பார்.

போன மாதம் ஒரு லாரி யார்டில் கேட் ரூமுக்குப் போயிருந்தேன். கேமரா மானிட்டர் சரியில்லை என்று செக்யூரிட்டி பலதடவை சொல்லியும், மானிட்டரில் பழுது ஒன்றும் இல்லை என்று எனக்கு முன்னால் பார்க்க வந்த சர்வீஸ் ஆட்கள் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் முன்னால் நின்று பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. பிறகு செக்யூரிட்டியை எழுந்திருக்கச் சொல்லி, அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியாக வெயில் நேரே ஸ்கிரீனில் அடித்தது. எனக்குத் தெரிந்தது என் முகமும் எனக்குப் பின்னால் நின்ற வேப்பமரமும்தான். உள்ளே வரும் லாரியின் நம்பர் ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்த கிளாஸி மானிட்டரை எடுத்துவிட்டு, நல்ல ஆன்டி-கிளேர் பூச்சு உள்ளதாகப் பார்த்து மாட்டினேன்.

செக்யூரிட்டி முத்தாண்டிக்குப்பத்துக்காரர், வயதானவர். தன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, கேட்டுக்கு வந்த லாரியின் நம்பரைச் சத்தமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தப் பாக்க எத்தினியோ பேரு வந்தாங்கம்மா. எல்லாம் முன்னாடி நின்னுகினு பாத்துட்டு, நல்லாத்தான கீதுன்னுட்டுப் பூட்டாங்க. என் சேர்ல ஒக்காந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான். எங்கம்மா படிச்சீங்க இத்த?"

"ஒரு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கய்யா" என்றேன். "தமிழ் டீச்சர்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த லாரியின் நம்பரைப் படிக்கத் தொடங்கினார்.